ரத்தம் சாட்சி சொல்கிறது. சாதியை யார் கேட்பது?

"கிருமிக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது, அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான்." 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நாள் தொடங்கி இந்த வாசகத்தை டிவியிலும் மேடையிலும் எத்தனை தடவை கேட்டோம்! கேட்க நல்லாத்தான் இருக்கு. கிருமிக்குக் கண் கிடையாது, உண்மைதான். ஆனால் தண்ணீர்க் குழாய்க்குச் சாதி தெரியும். பொதுக் கக்கூசுக்குத் தெரியும். தெருக்கூட்டும் விளக்குமாற்றுக்கு நன்றாகவே தெரியும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து எழுந்திருப்பது யார், தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பது யார் என்று கிருமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதையை இந்தச் சமூகம் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. கிருமி அந்தப் பாதையில் நடந்து வந்தது, அவ்வளவுதான்.

அது நடந்த தடத்தைப் பிறகு பார்த்துச் சொல்ல ஒரு கருவி உண்டு. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் சோதனை. பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்போம். அந்தக் கருவியை இந்த நாட்டு ஆட்சியாளர்கள் கையில் எடுத்தார்கள், ஆயிரக்கணக்கான ஏழைச் சனங்களின் கையில் ஊசி குத்தினார்கள். ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். இது மருத்துவப் பாடம் அல்ல. என்றாலும் கொஞ்சம் மருத்துவம் தெரியாமல் இந்த அரசியலைப் பேச முடியாது. மாணவத் தோழர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை கிருமி இப்போது உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆன்டிபாடி சோதனை அப்படியல்ல. கிருமி வந்து போன பிறகு உடம்பு அதை எதிர்த்துச் செய்து வைத்த பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. கிருமி தொற்றி ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அது பார்க்கிற அளவுக்கு வரும். ஆகவே இன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல இது உதவாது. திருடன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று பார்ப்பது ஒரு வேலை, வந்துபோன காலடித் தடத்தைப் பார்ப்பது இன்னொரு வேலை. இது இரண்டாவது வேலை. தடமும் நிலைத்து நிற்காது, மாதங்கள் போகப் போக மங்கும்.

இந்த வித்தியாசம் அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவசரப்பட்டார்கள். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் விரைவுச் சோதனைக் கருவிகள் விமானத்தில் வந்து இறங்கின. தமிழ்நாட்டுக்கும் வந்தன. ராஜஸ்தான் அரசு, ஏற்கெனவே தொற்று உறுதியானவர்களிடமே அதைப் போட்டுப் பார்த்தது. 5.4 விழுக்காடுதான் சரியாகச் சொல்கிறது என்று அறிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரல் 21 அன்று நிறுத்தி வையுங்கள் என்றது, 27 அன்று திருப்பி அனுப்புங்கள் என்றது. இடையில் வியாபாரிகளுக்குள் தகராறு வந்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது. 245 ரூபாய்க்கு வந்து இறங்கிய ஒரு கருவிக்கு அரசு போட்ட விலை 600 ரூபாய். 400 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஊரடங்கில் வேலையற்று, ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற அதே மாதத்தில் நடந்த கதை இது. இங்கிலாந்து அரசும் அந்த நாட்களில் 20 லட்சம் கருவிகளைச் சீனாவில் வாங்கி, வேலைக்கு ஆகாது என்று மூலையில் போட்டது. "அவங்க வெள்ளைக்காரங்க, அறிவாளிங்க" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, நல்ல கருவியாகவே இருந்தாலும் தனி ஆளுக்கு இது என்ன சொல்லும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100-க்கு 95 தடவை சரியாகச் சொல்லும் சோதனை என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் 1000 பேர். உண்மையில் நோய் வந்துபோனது 10 பேருக்குத்தான். அந்தப் பத்துப் பேரில் ஒன்பது, பத்துப் பேரைச் சோதனை பிடித்துவிடும். மீதி 990 பேருக்கு நோயே வரவில்லை. ஆனால் நூற்றுக்கு ஐந்து தப்பு என்பதால் அதிலும் ஏறக்குறைய 50 பேருக்கு "வந்துபோச்சு" என்று காட்டும். மொத்தம் 60 பேர் கையில் "வந்துபோச்சு" என்ற சீட்டு. அதில் 50 பொய்ச் சீட்டு! அதே சோதனையை 500 பேருக்கு நோய் வந்துபோன ஊரில் போட்டால் 475 சீட்டு நிஜம், 25 தான் பொய். சோதனை மாறவில்லை, ஊர் மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கு. இந்தச் சோதனை எவ்வளவு தப்புப் பண்ணும் என்று முன்கூட்டியே தெரிந்தால், ஊர் மொத்தத்துக்கான கணக்கில் அந்தத் தப்பைக் கழித்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த 60 பேரில் பொய்ச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்று ஒருபோதும் கழிக்க முடியாது. ஆகவே ஆன்டிபாடி சோதனை தனி ஆளுக்குச் சான்றிதழ் ஆகாது. ஒரு கூட்டத்துக்கு, ஒரு தெருவுக்கு, ஒரு வர்க்கத்துக்கு, ஒரு சாதிக்கு என்ன நடந்தது என்று சொல்லும் சாட்சி அது. தோழர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

அந்தச் சான்றிதழ் ஆசையும் சும்மா வந்ததல்ல. 2020 ஏப்ரலில் சிலி நாட்டு அரசு, நோய் வந்து மீண்டவர்களுக்கு அட்டை கொடுத்து வேலைக்கு அனுப்பலாம் என்று திட்டம் சொன்னது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு ஓடியது. எதிர்ப்பொருள் இருப்பவருக்கு மறுபடி நோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே இப்படி அட்டை கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 24 அன்று எச்சரித்தது. மருத்துவக் காரணம் ஒருபக்கம் இருக்கட்டும். சமூகக் காரணத்தைப் பாருங்கள். நோய் வந்தவனுக்குத்தான் வேலை என்றால் பட்டினி கிடக்கிறவன் என்ன செய்வான்? நோயைத் தேடிப் போவான்.

இது கற்பனை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மஞ்சள் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து ஆயிரக்கணக்கில் சனங்களைக் கொன்றது. பிழைத்தவர்களைப் "பழக்கப்பட்டவர்" என்று அழைத்தார்கள். பழக்கப்படாத வெள்ளைக்காரருக்கு வேலை கிடைப்பது கஷ்டம், கடன் கிடைப்பது கஷ்டம். கறுப்பு அடிமை பிழைத்தால் என்ன ஆகும்? சந்தையில் அவர் விலை ஏறும். லாபம் எஜமானுக்கு. கேத்ரின் ஒலிவாரியஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். செத்துப் பிழைத்தது ஒருவர், அந்தப் பிழைப்பின் விலையை எடுத்துக்கொண்டது இன்னொருவர். அதோடு நின்றார்களா? "கறுப்பர்களுக்கு இயற்கையிலேயே இந்தக் காய்ச்சல் வராது, ஆகவே கரும்புக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் அவர்கள் உழைப்பது இயற்கை" என்று தத்துவமும் பேசினார்கள். இயற்கையிலேயே வராது என்றால், பழக்கப்பட்ட அடிமைக்கு ஏன் கூடுதல் விலை கொடுத்தாய் என்று கேட்க ஆள் இல்லை.

இந்தத் தத்துவம் நமக்குப் புதுசா? "சேரி சனங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்திப்பா. சாக்கடைக்குள்ள இறங்குறவனுக்கு இது என்ன பண்ணும்?" என்று 2020-ல் படித்தவர்கள் வாயால் நானே கேட்டிருக்கிறேன். நம் எல்லோருக்கும் இதைக் கேட்ட அனுபவம் இருக்கும். முகக்கவசமும் கையுறையும் சரியாகத் தராமல் தூய்மைப் பணியாளரைத் தெருவில் இறக்கிவிட்டு, "அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது அறியாமை இல்லை, வசதி. அந்த வசதிக்கு ஆன்டிபாடி கணக்கையும் ஆதாரமாக இழுத்துக்கொண்டார்கள்.

எப்படி இழுத்தார்கள்? 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்தார்கள். மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாடா ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து எடுத்த ஆய்வு. குடிசைப்பகுதிகளில் 57 விழுக்காடு பேர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16 விழுக்காடு. ஒரே வார்டு, ஒரே மாதம், ஒரே கிருமி. ஒருபக்கம் பாதிக்கு மேல், இன்னொரு பக்கம் ஆறில் ஒருவர். நெரிசலும், பல குடும்பங்கள் ஒரே பொதுக் கக்கூசைப் பயன்படுத்துவதும் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வைச் செய்தவர்களே சொன்னார்கள். நியாயமாகப் பார்த்தால் மறுநாளே அந்தக் கக்கூசுகளைப் பற்றித்தான் நாடு பேசியிருக்க வேண்டும். பேசியது எதைப் பற்றி? "மந்தை எதிர்ப்பு" வந்துவிட்டது, குடிசைச் சனங்கள் தப்பித்துவிட்டார்கள் என்று கொண்டாடினார்கள்! 57 என்றால் நூற்றில் 57 பேரைக் கிருமி தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தப்பித்தல் என்று எந்த அகராதியில் எழுதியிருக்கிறது? குடிசைப்பகுதியில் சாவு விகிதம் குறைவு என்றும் சொன்னார்கள். அங்கே இளவயதுக்காரர்கள் அதிகம் என்பதையும், ஏழை வீட்டுச் சாவுக்குக் காரணம் எழுதுவதற்கு ஆளே வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

மந்தை எதிர்ப்புக் கதையின் முடிவைப் பிரேசில் நாட்டின் மனாஸ் நகரம் எழுதிக் காட்டியது. 2020 அக்டோபருக்குள் அந்த நகரத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நோய் வந்துபோய்விட்டது என்று ரத்ததானம் செய்தவர்களின் ரத்தத்தை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அடுத்த சனவரியில் மறுபடி அலை அடித்தது. ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தீர்ந்து மூச்சுத் திணறிச் செத்தார்கள். இங்கேயும் 2021 ஏப்ரல், மே மாதங்களை நாம் மறந்துவிடவில்லை.

நாடு முழுவதுக்குமான கணக்குகளையும் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கு முறை எடுத்தது. 2020 மே, ஜூனில் முதல் முறை. 21 மாநிலங்களில் 70 மாவட்டங்கள், 28,000 பேர். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை. 0.73 விழுக்காடு என்று வந்தது. சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் மே மாதத் தொடக்கத்துக்குள்ளேயே 64 லட்சம் பேருக்குத் தொற்று வந்துபோயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அரசுக் கணக்கில் ஏறிய ஒவ்வொருவருக்கும் 82 முதல் 130 தொற்றுகள் இருந்திருக்கும் என்று அவர்களே எழுதினார்கள். இந்தச் சோதனையின் பலம் இங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கே வராதவரையும், பஞ்சுக்குச்சிச் சோதனை கிடைக்காதவரையும் இது கணக்கில் கொண்டுவந்துவிடும். ஆட்சியாளர் தினமும் மாலையில் வாசித்த எண்ணிக்கையை எதிர்த்துப் பேசியது நம் சனங்களின் ரத்தம்.

அதே முதல் முறையில் சென்னை உள்ளிட்ட 10 பெருநகரங்களின் கட்டுப்பாட்டு மண்டலங்களிலும் ரத்தம் எடுத்தார்கள். தகரம் அடித்து மறித்த தெருக்கள். செப்டம்பரில் கட்டுரை வெளியானபோது அந்தப் பகுதியின் முடிவு அதில் இல்லை. ரத்தம் கொடுத்தவர்கள் இருந்தார்கள், முடிவு மட்டும் காணோம்.

இரண்டாம் முறை, 2020 ஆகஸ்ட், செப்டம்பர். நகரக் குடிசைப்பகுதி 15.6 விழுக்காடு, நகரத்தின் மற்றப் பகுதி 8.2, கிராமம் 4.4. மூன்றாம் முறை, 2020 டிசம்பர் முதல் 2021 சனவரி வரை. குடிசைப்பகுதி 31.7, மற்றப் பகுதி 26.2, கிராமம் 19.1. நான்காம் முறை, 2021 ஜூன், ஜூலை. இரண்டாம் அலை அடித்து ஓய்ந்த நேரம். மொத்தத்தில் 67.6. சென்னை மாநகராட்சி 2020 ஜூலையில் 12,000 பேருக்கு மேல் எடுத்தபோது நகரச் சராசரி 21.5 விழுக்காடு. தண்டையார்பேட்டை மண்டலத்தில் மட்டும் 44. மாதவரத்தில் 7. வடசென்னையின் நெரிசல் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்க எடுத்ததில் 31.5 விழுக்காடு. அதாவது 2 கோடியே 26 லட்சம் பேர். அரசுக் கணக்கில் ஏறியதைப்போல் 36 மடங்கு.

இத்தனை எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு நான் தேடியது ஒரு வரிசையை. ஆண், பெண் என்று வரிசை இருக்கிறது. வயது இருக்கிறது. நகரம், கிராமம், குடிசைப்பகுதி இருக்கிறது. தேசிய ஆய்வு வெளியிட்ட இந்த முடிவுகளில் சாதி என்ற வரிசை இல்லை.

"குடிசைப்பகுதி என்று இருக்கிறதே, அதுவே போதாதா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். போதாது. குடிசைப்பகுதியில் நாமும் இருக்கிறோம், மற்றவர்களும் இருக்கிறார்கள். ஒரே சந்துக்குள் யார் கழிவு அள்ளுகிறார், யார் மளிகைக்கடை வைத்திருக்கிறார் என்பதில் சாதி இருக்கிறது. அதைவிடப் பெரிய மோசடி "கிராமம்" என்ற ஒற்றைச் சொல். தமிழ்நாட்டில் எந்தக் கிராமம் ஒற்றைக் கிராமம்? ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. ஊருக்குத் தனிக் குழாய், காலனிக்குத் தனித் தொட்டி. சுடுகாடு தனி, சுடுகாட்டுக்குப் போகிற பாதை தனி. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கி "4.4 விழுக்காடு" என்று ஊற்றினால், அதில் காலனி எங்கே? 4.4 என்பது ஊருக்கு 2, காலனிக்கு 12 என்ற கணக்கின் சராசரியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அளவாகவும் இருக்கலாம். ஏன், ஊரில் அதிகமாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? நம் பக்கம்தான் அதிகம் என்று முன்முடிவு கட்டிக்கொண்டு நான் இதை எழுதவில்லை. கேட்காமல் விட்டது தற்செயல் என்று நம்ப மட்டும் எனக்கு மனசில்லை.

கேட்க முடியாத கேள்வியா இது? நூறு வருசத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள். 1918-ல் இன்ஃபுளுயன்சா பம்பாயைச் சூறையாடியபோது அந்த நகரச் சுகாதார அதிகாரியின் அறிக்கை சாவைச் சமூகவாரியாகக் கணக்கெடுத்தது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர், பார்சிகளில் 9 பேர், முஸ்லிம்களில் 19.2 பேர், மற்ற இந்துக்களில் 18.9 பேர் இறந்தார்கள். "தாழ்ந்த சாதி இந்துக்கள்" என்று அவர்கள் எழுதிய நம் சனங்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர். மற்ற இந்துக்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! வெள்ளைக்காரன் நம் மேல் உள்ள பாசத்தில் எண்ணவில்லை. ஆள்வதற்கு எண்ணினான். ஆனாலும் எண்ணினான். அந்த ஒரு வரி இருப்பதால்தான் நம் பாட்டன் பூட்டிகள் எப்படிச் செத்தார்கள் என்று இன்றைக்கு நாம் பேச முடிகிறது. 2020-ன் நம் சனங்களைப் பற்றி நூறு வருசம் கழித்து வருகிற பிள்ளைகள் எந்த வரியைப் படிப்பார்கள்?

இங்கிலாந்தைப் பாருங்கள். 2020 ஜூன், ஜூலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டிலேயே விரல் நுனியில் குத்திச் சோதித்துச் சொன்னார்கள். மொத்தத்தில் 6 விழுக்காடு. வெள்ளையரில் 5, ஆசியரில் 11.9, கறுப்பரில் 17.3. இனத்தைக் கேட்டார்கள், விடை வந்தது. "கிருமிக்கு நிறம் தெரியாது" என்ற பேச்சு அந்த எண்ணிக்கைக்கு முன்னால் செல்லாமல் போனது. அதனால் இனவெறி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் மறுக்க முடியாத ஒரு தாள் போராடுகிறவர் கையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் கேட்ட இடத்தில் விடை வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வில் சாதி உண்டு. அந்தத் தரவை வைத்து 2024-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2019-க்கும் 2020-க்கும் இடையில் சராசரி ஆயுள் எத்தனை குறைந்தது என்று கணக்கிட்டார்கள். உயர்த்தப்பட்ட சாதி இந்துக்களுக்கு 1.3 வருடம், தலித்துகளுக்கு 2.7, பழங்குடிகளுக்கு 4.1, முஸ்லிம்களுக்கு 5.4. ஒன்றிய அரசு இந்தக் கணக்கை ஏற்கவில்லை, முறையே தப்பு என்று மறுத்தது. மறுக்கட்டும். உங்கள் கையில் நேரடி ரத்தக் கணக்கு இருந்திருந்தால் அதைக் காட்டி மறுத்திருக்கலாமே? சாதியைக் கேட்காமல் எடுத்த கணக்கை வைத்து எதை மறுப்பீர்கள்?

இனி 2020-க்குத் திரும்பிப் போகவும் முடியாது. 2021-க்குப் பிறகு கோடிக்கணக்கானவர்களுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. தடுப்பூசியாலும் எதிர்ப்பொருள் வரும். நோயால் வந்தது எது, ஊசியால் வந்தது எது என்று பிரிக்கச் சில வழிகள் உண்டு. ஆனால் கிருமியை முழுசாகக் கொன்று செய்த கோவாக்சின் போன்ற ஊசி போட்டவர்களிடம் அந்த வழியும் குழம்பும். அதோடு பழைய தடமும் மங்கிவிட்டது. யாரோ எங்கோ பழைய ரத்தத்தை உறைய வைத்துப் பாதுகாத்திருந்தாலும், சாதியை எழுதாத படிவத்திலிருந்து சாதி வெளியே வராது. சாட்சி கூண்டில் ஏறி நின்றபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது சாட்சியும் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ரத்தம் எடுக்க வந்தபோது, ஒப்பந்தத் தூய்மைப் பணியில் இருக்கிற ஒரு அக்காவும் கையை நீட்டினார். பிறகு ஒருநாள் பார்த்தபோது சொன்னார்: "குடுத்தேன் தம்பி. எனக்கு வந்துச்சா வரலையான்னு யாரும் வந்து சொல்லல. அவங்க வாங்கிட்டுப் போறதோட சரி." மேலே நான் சொன்ன கணக்குப்படி அந்தச் சீட்டு அவருக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்காது. ஆனால் அவருக்குத் தெருவின் கணக்கைச் சொல்லியிருக்கலாம். "அக்கா, உங்க வேலை பாக்கிறவங்கள்ல இத்தனை பேருக்கு வந்திருக்கு, மத்தவங்கள்ல இத்தனை" என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவர் சங்கம் கையுறை கேட்டிருக்கும், நட்டஈடு கேட்டிருக்கும், பணி நிரந்தரம் கேட்டிருக்கும். சொல்லாததன் பொருள் அதுதான். நான்காம் தேசியக் கணக்கெடுப்பில் சுகாதார ஊழியர்களைத் தனியாகச் சோதித்து 85.2 விழுக்காடு என்று அறிவித்தார்கள். தெருக்கூட்டுகிறவர்களுக்கு அந்த அறிவிப்பில் தனி வரிசை இல்லை.

இங்கே ஒரு நியாயமான பயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "சாதிவாரியா எண்ணிக் குடுத்தா, 'இந்தச் சாதிதான் நோயைப் பரப்புது'ன்னு நம்ம மேலயே திருப்புவானே?" என்று தோழர் ஒருவர் கேட்டார். திருப்புவான். 2020 ஏப்ரலில் தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போனவர்களைத் தினமும் தனியாக எண்ணி அறிவித்து முஸ்லிம்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று பார்த்தோம். மே மாதத்தில் கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கூலிக்காரர்களை ஊருக்குள் விடாமல் விரட்டிய கதையும் தெரியும். ஆகவே பயம் பொய் இல்லை.

ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அது நோய் பரவிக்கொண்டிருக்கும்போது, ஆளை அடையாளம் காட்டி, பெயர் ஊர் தெரியும்படி எண்ணியது. காரணத்தைச் சொல்லாமல் குற்றவாளியை மட்டும் சொன்னது. நாம் கேட்பது பிறகு எடுக்கும் கணக்கு. பெயர் இல்லை, முகவரி இல்லை. சாதியோடு சேர்த்து அந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூஸ் சொந்தமா பொதுவா, என்ன வேலை, ஊரடங்கில் வேலைக்குப் போனாரா என்று எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும். சாதியை மட்டும் தனியாக வெளியிட்டால் அது வசவு ஆகும். குழாயோடும் கக்கூசோடும் சேர்த்து வெளியிட்டால் அது குற்றப்பத்திரிகை ஆகும். எண்ணாமல் விட்டால் நாம் தப்பித்துவிடுவோம் என்பது நடக்காத காரியம். எண்ணாமல் விட்டபோதும் திட்டத்தான் செய்தார்கள். எதிர்த்துக் காட்டத்தான் நம் கையில் எண் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

1. அடுத்து எந்தக் கொள்ளைநோய் வந்து எந்த ரத்த ஆய்வு எடுத்தாலும் அதில் சாதியும் தொழிலும் கட்டாயம் கேட்கப்பட வேண்டும். கிராமத்தில் ஊரும் காலனியும் தனித்தனியாக எடுக்கப்பட வேண்டும். தூய்மைப் பணியாளர், மயானப் பணியாளர் தனி வரிசையாக வர வேண்டும்.

2. ரத்தம் கொடுத்தவருக்கு அவர் முடிவும், அதன் அர்த்தமும், அவர் பகுதியின் மொத்த முடிவும் அவர் மொழியில் சொல்லப்பட வேண்டும். எடுத்த எந்தப் பகுதியின் முடிவையும் மறைக்கக் கூடாது.

3. எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற சீட்டை வைத்து யாரையும் ஆபத்தான வேலைக்கு அனுப்பக் கூடாது, யாருக்கும் வேலை மறுக்கவும் கூடாது.

4. எண்ணிக்கை அதிகம் வந்த பகுதிக்குத் தகரமும் போலீசும் வரக் கூடாது. தண்ணீர், கக்கூஸ், வீடு, தடுப்பூசி முதலில் வர வேண்டும்.

5. படிவம் தயாரிக்கும் குழுவிலும் முடிவை எழுதும் குழுவிலும் நம்மவர்கள் இருக்க வேண்டும். ஊசி குத்த மட்டும் நம் கை, பேனா பிடிக்க அவர்கள் கை என்ற ஏற்பாடு போதும்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் கேட்கப்போவதாக ஒன்றிய அரசு 2025-ல் அறிவித்திருக்கிறது. தலையை எண்ணும்போது கேட்க முடிகிற கேள்வியை ரத்தத்தை எண்ணும்போது கேட்க முடியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

மாணவத் தோழர்களுக்கு உடனடியாக ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் 2020, 2021-ல் எடுத்த ரத்த ஆய்வுகளின் வார்டுவாரி, ஊராட்சிவாரி முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். படிவத்தின் நகலையும் கேளுங்கள். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு நேரில் போங்கள். அது ஊரா, காலனியா, எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவோடு நிறுத்தினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். பொதுச் சுகாதாரமும் புள்ளியியலும் படிக்கிற தோழர்கள் நம்மில் வேண்டும். "அது டாக்டருங்க சமாச்சாரம்" என்று விட்டுவிட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கங்களில் வெளியிடுகிறேன். அடுத்த தடவை ஊசியோடு நம் தெருவுக்குள் வருகிறவரிடம், கையை நீட்டுவதற்கு முன்னால் படிவத்தைக் காட்டச் சொல்லி வாங்கிப் படிப்போம்.